சிலாங்கூர் அணிக்கு எது தாய்த் திடல்? மெர்டேக்காவிலிருந்து ஷா ஆலம் வரை

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு ஷா ஆலம் அரங்கத்தின் வளைந்த கூரை பழகிப்போன காட்சி. முப்பது ஆண்டுகள் தூரத்திலிருந்தே தெரிந்த அந்தக் கூரை இப்போது இல்லை. 2024ஆம் ஆண்டு ஜூலையில் இடிப்புப் பணி தொடங்கியது. அதே இடத்தில் சுமார் 45,000 பேர் அமரக்கூடிய புதிய அரங்கம் எழவிருக்கிறது. அதுவரை சிலாங்கூர் கால்பந்து அணி கெலானா ஜெயாவில் உள்ள பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற அரங்கத்தில் ஆடுகிறது.

"பழைய திடலை விட்டுப் போகலாமா?" என்ற கேள்வி சிலாங்கூர் ரசிகர்களுக்குப் புதிதல்ல. 1994இலும் இதே கேள்வி எழுந்தது. அப்போது அணி விட்டுச் சென்றது மெர்டேக்கா அரங்கத்தை. அந்த இடமாற்றத்தில் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்கு என்ன போனது என்பதைத் தெரிந்துகொண்டால், இப்போது நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் விளங்கும்.

திடலில் தொடங்கிய கதை

மலாயாக் கிண்ணப் போட்டி 1921இல் தொடங்கியது. எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பலின் பணியாளர்கள் அளித்த கிண்ணம் அது. முதல் இறுதியாட்டம் கோலாலம்பூரில், இன்று டத்தாரான் மெர்டேக்கா என்று நாம் அழைக்கும் சிலாங்கூர் கிளப் திடலில் நடந்தது. சிங்கப்பூர் 2-1 என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வென்றது. மறு ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. பின்னாளில் மலேசியக் கிண்ணமாகப் பெயர் மாறிய அப்போட்டியில் சிலாங்கூர் இதுவரை 33 முறை வென்றுள்ளது. கடைசி வெற்றி 2015 டிசம்பரில் ஷா ஆலம் அரங்கத்தில், கெடாவுக்கு எதிராக 2-0.

மெர்டேக்கா அரங்கம் 1957 ஆகஸ்டு 30ஆம் தேதி திறக்கப்பட்டது. மறுநாள் காலை அங்கேதான் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார். அதே ஆண்டு தொடங்கிய மெர்டேக்கா கால்பந்துப் போட்டி அந்த அரங்கத்தின் பெயரை ஆசியா முழுக்கக் கொண்டு சென்றது. 1975இல் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டமும், முகம்மது அலி - ஜோ பக்னர் குத்துச்சண்டையும் அங்கேதான் நடந்தன.

நம்மவர்கள் அந்த அரங்கத்தை நினைவில் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1980 ஏப்ரலில் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்றது அங்கேதான். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்பினார். மறுமுனையில் கோல் காத்தவர் ஆர்.ஆறுமுகம். போர்ட் கிள்ளானில் பிறந்து சிலாங்கூருக்கு ஆடிய அவரை அந்த நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தார்கள். அரசியல் காரணத்தால் மலேசியா மாஸ்கோ போட்டியைப் புறக்கணித்தது. வென்ற தகுதி பயன்படாமலே போனது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் காலமானார்.

அவர் மட்டுமல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற எம்.சந்திரன், 2009 சீ விளையாட்டில் தங்கமும் 2010 ஆசியான் கிண்ணமும் வென்ற தேசிய அணிக்குப் பயிற்சியளித்த கே.ராஜகோபால் ஆகியோரும் சிலாங்கூர் ஜெர்சி அணிந்து ஆடியவர்கள். 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிலாங்கூர் லீக் பட்டம் வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே.தேவன். தோட்டத் திடலிலும் பள்ளித் திடலிலும் பந்து உதைத்த ஒரு சமூகத்துக்கு இந்த அணி வெறும் மாநில அணியாக இருந்ததில்லை.

1994இல் ஏன் போனார்கள்?

பலர் மறந்துபோன ஒரு காரணம் இருக்கிறது. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. அன்றிலிருந்து சிலாங்கூரின் தாய்த் திடல் சிலாங்கூர் மண்ணில் இல்லை. 1978இல் ஷா ஆலம் மாநிலத் தலைநகரானது. கோலாலம்பூருக்கென்று தனி அணி உருவாகி, 1987 முதல் 1989 வரை தொடர்ந்து மூன்று முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. இருபது ஆண்டுகள் சிலாங்கூர் பக்கத்து வீட்டு முற்றத்தில் விருந்தாளியாக ஆடிக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம்.

1990இல் கட்டத் தொடங்கிய ஷா ஆலம் அரங்கம் 1994 ஜூலையில் திறக்கப்பட்டது. அழைப்புப் போட்டிக்கு ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக், பிரேசிலின் ஃபிளமெங்கோ, இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் ஆகிய அணிகள் வந்தன. 80,000 பேர் கொள்ளும் அந்த அரங்கம் அன்று நாட்டிலேயே பெரியது. 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மலேசியக் கிண்ணம் சிலாங்கூருக்கே வந்தது. 1997இல் உலக இளையோர் கால்பந்து இறுதியாட்டமும் அங்கு நடந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ரிக்கெல்மே, ஐமார் ஆகியோர் இருந்த அர்ஜென்டினா அணி, உருகுவேயை 2-1 என்று வென்றது.

காகிதத்தில் பார்த்தால் இடமாற்றம் பெரிய வெற்றி. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் அது ஒரே மாதிரி அமையவில்லை.

பிரிக்பீல்ட்ஸுக்கு இழப்பு, கிள்ளானுக்கு லாபம்

பிரிக்பீல்ட்ஸ் வாசிகளுக்கு மெர்டேக்கா அரங்கம் நடை தூரம். இன்று ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர் பெற்றிருக்கும் சாலை வழியே நடந்தால் போதும். கிள்ளான்வாசிகளும் பேருந்திலோ ரயிலிலோ கோலாலம்பூர் வந்து, பேருந்து நிலையத்திலிருந்தோ பழைய ரயில் நிலையத்திலிருந்தோ நடந்தே அரங்கத்தை அடையலாம். கார் இல்லாதவரும் ஆட்டம் பார்க்க முடிந்த காலம் அது.

ஷா ஆலம் அரங்கம் திறந்தபோது நிலைமை வேறு. கேடிஎம் கொம்யூட்டர் ரயில் சேவை அதற்கு அடுத்த ஆண்டுதான் தொடங்கியது. அதுவும் அரங்கத்தின் வாசலுக்குப் போகவில்லை. கார் அல்லது மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் இரவு ஆட்டம் முடிந்து நிம்மதியாக வீடு திரும்பலாம். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் இருந்தவர்களுக்கு அணி தூரப் போய்விட்டது. கிள்ளான், காப்பார், பத்து தீகா பக்கம் இருந்தவர்களுக்கு அணி பக்கத்தில் வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷா ஆலம் நகரமே பத்து தீகா, சுங்கை ரெங்கம் பகுதியின் தோட்ட நிலத்தில் எழுந்தது. ஒரு காலத்தில் பால் மரமும் செம்பனையும் நின்ற இடம். தோட்டம் என்றால் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, அதற்குப் பக்கத்தில் ஒரு திடல். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். தோட்டங்கள் மேம்பாட்டுக்குப் போனபோது கோயிலை எங்கே மாற்றுவது, பள்ளியை எங்கே மாற்றுவது என்று பேச்சுவார்த்தை நடந்தது. சில இடங்களில் நல்ல முடிவும் கிடைத்தது. திடலுக்காக யாரும் பேச்சுவார்த்தை நடத்தியதாக அவ்வளவாகக் கேள்விப்பட முடிவதில்லை. பெரிய அரங்கத்தைப் பற்றிப் பேசும்போது, முன்பே காணாமல்போன இந்தச் சிறிய திடல்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பழைய அரங்கம் என்ன ஆனது?

அணி போன பிறகு மெர்டேக்கா அரங்கத்தின் எதிர்காலமே கேள்விக்குறியானது. நகரின் நடுவே விலைமதிப்புள்ள நிலம். 1990களில் மேம்பாட்டுத் திட்டங்கள் பேசப்பட்டன. இறுதியில் அது காப்பாற்றப்பட்டது. தேசிய பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, சுதந்திரப் பொன்விழா ஆண்டான 2007இல் 1957ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கே மீண்டும் சீரமைக்கப்பட்டது. இடையில் கூட்டத்துக்காக எழுப்பிய மேல் மாடங்கள் அகற்றப்பட்டன. அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இன்று 118 மாடி மெர்டேக்கா கோபுரத்தின் அடியில் அது நிற்கிறது.

கட்டடம் பிழைத்தது. ஆனால் வாரந்தோறும் அதற்கு உயிர் கொடுத்த லீக் ஆட்டம் திரும்பவில்லை. ஓர் அரங்கத்தைச் சின்னமாகப் பாதுகாப்பது ஒன்று, அதைப் பயன்பாட்டில் வைத்திருப்பது வேறொன்று.

ஷா ஆலம் அரங்கத்துக்கு அந்தப் பாக்கியமும் கிடைக்கவில்லை. கூரை பழுதானது. புல்தரை பற்றிய புகார்கள் தொடர்ந்தன. 2020இல் அரங்கம் ஆட்டங்களுக்கு மூடப்பட்டது. பழுது பார்ப்பதைவிட இடித்துக் கட்டுவதே சரி என்று மாநில அரசு முடிவு செய்தது. எம்ஆர்சிபி நிறுவனம் நிலத்துக்கு ஈடாகப் புதிய விளையாட்டு வளாகத்தைக் கட்டித் தரும் ஏற்பாடு அது. அரங்கத்தோடு வணிகப் பகுதி, தங்கும் விடுதி போன்றவையும் திட்டத்தில் உள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெர்டேக்காவும் சரி, ஷா ஆலமும் சரி, இப்போது ஆடும் பெட்டாலிங் ஜெயா அரங்கமும் சரி, எதுவும் அணியின் சொந்தச் சொத்தல்ல. ஆகவே "அணி போகலாமா, கூடாதா?" என்று நாம் விவாதித்தாலும், முடிவு எப்போதும் நிலத்துக்கு உரியவர் கையில்தான் இருந்திருக்கிறது. பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால், முப்பது ஆண்டுகளில் புதிய அரங்கமும் பழையதாகிவிடும்.

மற்ற ஊர்கள் சொல்லும் பாடம்

பினாங்கு: செபராங் பிறை பக்கம் பத்து காவானில் 2000ஆம் ஆண்டு சுமார் 40,000 பேர் கொள்ளும் மாநில அரங்கம் திறக்கப்பட்டது. ஆனால் பினாங்கு அணி ஜார்ஜ்டவுனில் உள்ள பழைய நகர அரங்கத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது. பெயர்பெற்ற 'பினாங்கு கைதட்டல்' ஒலித்தது அந்த நெருக்கமான படிகளில்தான். கடலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி ஆட்டம் பார்க்கப் போவது தீவுவாசிகளுக்கு எளிதாக இல்லை. பெரிய அரங்கம் கட்டிவிட்டால் கூட்டம் தானாக வந்துவிடாது என்பதற்கு இது உள்ளூர்ச் சான்று.

ஜொகூர்: இதற்கு நேர்மாறு. ஜொகூர் டாருல் தக்சிம் அணி லார்க்கின் அரங்கத்தை விட்டு 2020இல் இஸ்கண்டார் புத்ரியில் உள்ள சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்குச் சென்றது. கொள்ளளவு சுமார் 40,000. தொடர் வெற்றியும் நல்ல பராமரிப்பும் இருந்ததால் ரசிகர்களும் அணியோடு சென்றார்கள். தூரத்தை வெல்ல முடியும். ஆனால் அதற்கு அணியும் அரங்கமும் ஒரே கையில் இருந்து, ஒரே நோக்கத்தோடு நடத்தப்பட வேண்டும்.

சிங்கப்பூர்: காலாங் தேசிய அரங்கம் 2007இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அதே பகுதியில் 55,000 பேர் கொள்ளும் புதிய அரங்கம் 2014இல் திறந்தது. மலேசியக் கிண்ண நாள்களின் 'காலாங் முழக்கம்' பழைய தலைமுறைக்கு இன்றும் நினைவிருக்கும். ஆனால் உள்ளூர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஜாலான் புசார் போன்ற சிறிய அரங்கங்களில்தான் நடக்கின்றன. புதிய அரங்கம் இசை நிகழ்ச்சிக்கும் அனைத்துலக ஆட்டத்துக்கும் பயன்படுகிறது. மூடிய நாளுக்கும் திறந்த நாளுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் ஓடியதையும் மறக்கக் கூடாது.

இங்கிலாந்து: எவர்ட்டன் அணி 1892 முதல் ஆடிய குடிசன் பார்க் திடலை 2025இல் விட்டு, லிவர்பூல் துறைமுகப் பகுதியில் கட்டிய புதிய அரங்கத்துக்குச் சென்றது. பழைய திடலை இடித்து வேறு கட்டடங்கள் கட்டுவதே முதல் திட்டம். பிறகு அதை மாற்றி, எவர்ட்டன் மகளிர் அணிக்கு அதைத் தாய்த் திடலாக்கினார்கள். ஆடவர் அணி போன பிறகும் அந்தத் தெருவில் ஆட்ட நாள் இருக்கிறது. பழைய திடலை என்ன செய்வது என்பதற்கு இதுவரை கிடைத்த நல்ல பதில்களில் இதுவும் ஒன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மலேசிய இந்தியர் கால்பந்து சங்கமான மிஃபாவின் முயற்சியில் வளர்ந்த அணி பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாற்றி, 2019 முதல் சூப்பர் லீக்கில் ஆடியது. உள்நாட்டு ஆட்டக்காரர்களை நம்பிக் களமிறங்கிய அணி என்று பாராட்டும் பெற்றது. 2022 பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அது ஆடியதும் மாநகர் மன்ற அரங்கத்தில்தான். சொந்தத் திடல் இல்லாத அணி போய்விட்டால், "இங்கேதான் ஆடினார்கள்" என்று பிள்ளைகளிடம் காட்டுவதற்குக்கூட ஓர் இடம் மிஞ்சுவதில்லை.

இரு தரப்பு நியாயங்கள்

புதிய அரங்கம் வேண்டும் என்பவர்கள் சொல்வது இது: பாதுகாப்பில்லாத கூரையின் கீழ் ரசிகர்களை உட்கார வைக்க முடியாது. ஆசியப் போட்டிகளில் ஆட, விளக்கு, இருக்கை, உடை மாற்றும் அறை எல்லாவற்றுக்கும் விதிமுறை உண்டு. 80,000 இருக்கையில் 15,000 பேர் அமர்ந்தால் அரங்கம் காலியாகத்தான் தெரியும். 45,000 என்பது சிலாங்கூருக்குப் பொருத்தமான அளவு. பெட்டாலிங் ஜெயா அரங்கத்தின் சுமார் 25,000 இருக்கைகள் முக்கிய ஆட்டங்களுக்குப் போதவில்லை.

தயங்குபவர்களிடமும் நியாயம் இருக்கிறது: பொது நிலத்தைக் கொடுத்து அரங்கம் வாங்கும் ஏற்பாட்டில், முதலில் எழுவது எது, பிறகு எழுவது எது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். வணிக வளாகத்தின் நடுவே அமையும் அரங்கத்தில் நுழைவுச்சீட்டு விலை ஏறுமா? ஒரு குடும்பமாக நான்கு பேர் போய்வர என்ன செலவாகும்? கெலானா ஜெயாவில் ரசிகர்கள் மெல்ல மெல்ல வேர்விட்டுவிட்ட பிறகு, மறுபடியும் ஓர் இடமாற்றம் தேவையா?

இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால், சிலாங்கூர் ஷா ஆலமுக்குத் திரும்புவதே சரி என்று தோன்றுகிறது. காரணம் பெருமை அல்ல, பாதை. 1994இல் இல்லாத ரயில் இப்போது திட்டத்தில் இருக்கிறது. பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் ஜொஹான் செத்தியா வரை செல்லும் ஷா ஆலம் எல்ஆர்டி தடத்தில் அரங்கத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. கிள்ளான்வாசிகளுக்கு அது நேர்வழி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருபவர்கள் கேஎல் சென்ட்ரலில் கெலானா ஜெயா தடத்தில் ஏறி, கிளென்மேரியில் மாறிக்கொள்ளலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டாகப் பிரிந்த ரசிகர் கூட்டத்தை ஒரே ரயில் மீண்டும் சேர்க்க முடியும். ஆட்டம் இரவு 11 மணிக்கு முடிந்தாலும் கடைசி ரயில் காத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நாம் கேட்க வேண்டியவை

அரங்கம் எழும்வரை வேடிக்கை பார்த்துவிட்டு, பிறகு குறை சொல்வதில் பயனில்லை. சட்டமன்ற உறுப்பினர்களிடமும், மாநகர் மன்ற உறுப்பினர்களிடமும், ரசிகர் மன்றங்களிலும் இப்போதே கேட்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது, ஆட்ட நாள்களில் ரயில் சேவை நேரத்தை நீட்டிக்கும் உறுதி. இரண்டாவது, மாணவர்களுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் ஒரு பகுதி இருக்கை. மூன்றாவது, பராமரிப்புக்கென்று தனி நிதியும், அதை யார் நிர்வகிப்பது என்ற வெளிப்படையான அறிவிப்பும். நான்காவது, வளாகத்துக்குள் பொதுமக்களும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளிட்ட பள்ளிகளும் பதிவு செய்து பயன்படுத்தக்கூடிய பயிற்சித் திடல். தோட்டத் திடல்கள் போன இடத்தில் ஒரு திடலாவது திரும்பி வரட்டும்.

ஐந்தாவது, நினைவு. மெர்டேக்காவில் ஆடிய தலைமுறையின் பெயர்கள் புதிய அரங்கத்தின் சுவரில் இருக்க வேண்டும். கோல்முனைக்குப் பின்னால் இருக்கும் ஒரு மாடத்துக்கு போர்ட் கிள்ளான் ஆறுமுகத்தின் பெயரைச் சூட்டினால், அதற்கு மாநில அரசுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஆட்டம் பார்க்க வரும் பிள்ளை "யார் இவர்?" என்று அப்பாவிடம் கேட்கும். அப்பா பதில் சொல்ல வேண்டும். மூன்று இடம் மாறிய ஓர் அணியின் கதை அப்படித்தான் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.